டர்போ காருக்கு பிரீதர் ஹோஸை எங்க விடறது: கம்பெனி பிசிவியா, கேட்ச் கேனா, வெளியவா?

வேலூர் சத்துவாச்சாரியில டர்போ பெட்ரோல் வச்சிருக்கற ரெண்டு பசங்க ஒரே மாசத்துல என்கிட்ட ஒரே கேள்வி கேட்டாங்க, இன்டர்கூலர் (டர்போ தள்ற காத்தை குளிர வைக்கறது) ஹோஸை கழட்டினா உள்ள ஆயிலா இருக்கு, டர்போ போயிடுச்சாண்ணான்னு. முக்காவாசி நேரம் டர்போ நல்லாத்தான் இருக்கும், அந்த ஆயில் வர்றது பிரீதர் வழியா, அதாவது இன்ஜினுக்குள்ள சேர்ற கேஸை வெளிய எடுக்கற ஹோஸ் வழியா.

பிஸ்டன் ரிங்கை தாண்டி கொஞ்சம் கேஸ் சம்ப் (இன்ஜின் அடியில ஆயில் நிக்கற தொட்டி) பக்கம் இறங்கத்தான் செய்யும், புது இன்ஜின்லயும் இறங்கும், அதுதான் ப்ளோபை. பூஸ்ட் (டர்போ தள்ற காத்தோட அழுத்தம்) ஏற ஏற சிலிண்டர் பிரஷர் ஏறும், ப்ளோபையும் கூடும். வெளிய போக வழி சரியில்லைன்னா கிராங்க் சீல், வால்வு கவர் கேஸ்கெட், டிப்ஸ்டிக்னு எது வீக்கோ அந்த வழியா ஆயிலை தள்ளும். இன்னொன்னு, டர்போவுக்கு போன ஆயில் திரும்ப சம்ப்புக்கு தானா வடிஞ்சு இறங்குது, பம்ப் எதுவும் இழுக்கல, அதனால சம்ப்புக்குள்ள பிரஷர் நின்னா அந்த வடிகால் தடுக்கும், ஆயில் டர்போ சீல் வழியா கசியும், நாம போய் டர்போவை மாத்திட்டு வருவோம், ஒரு மாசத்துல திரும்ப அதே கசிவு.

கம்பெனி செட்டப் எப்படின்னா ரெண்டு வழி. ஐடில்ல இன்டேக் மேனிஃபோல்ட்ல வேக்கம் இருக்கும், பிசிவி வால்வு (இந்த கேஸை ஒரே பக்கமா விடற வால்வு) வழியா அது கேஸை இழுத்துக்கும். பூஸ்ட் வந்ததும் மேனிஃபோல்ட்ல பிரஷர் வந்துடும், அப்ப வால்வு மூடிக்கணும், கேஸ் இன்னொரு ஹோஸ்ல ஏர் ஃபில்டருக்கும் டர்போவுக்கும் நடுவுல போய் சேரும், அங்க டர்போவே உறிஞ்சும். வாசனை கிடையாது, மாசு கிடையாது, காத்தை அளக்கற சென்சாருக்கு கணக்கு தப்பாது. குறை என்னன்னா கேஸோட போற ஆயில் மிஸ்ட் டர்போ, இன்டர்கூலர், வால்வுன்னு எல்லா இடமும் ஒட்டும், பெட்ரோலோட எரியறப்ப நாக்கிங் (சிலிண்டருக்குள்ள தாறுமாறா எரிஞ்சு தட்டற சத்தம்) வர்ற வாய்ப்பு கூடும். பெட்ரோலை நேரா சிலிண்டருக்குள்ள அடிக்கற டைரக்ட் இன்ஜெக்‌ஷன் இன்ஜின்ல இது இன்னும் மோசம், ஏன்னா இன்டேக் வால்வு மேல பெட்ரோலே படாது, கழுவ ஆளில்ல, கார்பன் கட்டிக்கும். வால்வுக்கு முன்னாடியே பெட்ரோல் அடிக்கற போர்ட் இன்ஜெக்‌ஷன் வண்டிக்காரங்க இதுக்காக இவ்ளோ பயப்பட வேணாம்.

ரெண்டாவது, ஹோஸை பிடுங்கி ஒரு சின்ன ஃபில்டர் மாட்டி வெளிய விடறது. செலவு கம்மின்னு நானும் இதைத்தான் முதல்ல பண்ணேன். பள்ளிகொண்டா டோல்ல கியூவுல நின்னப்ப ஏசி வழியா ஆயில் புகை உள்ள வந்து என் பொண்ணு வாந்தி எடுத்துட்டா. காட்பாடியில எனக்கு வேலை பாக்கற அண்ணன் பானெட்டை தூக்கினதும் "இன்னாபா இது, குடலை பெரட்டுது, மொதல்ல கழட்டு"ன்னாரு. வாசனையோட போகல, ஐடில்ல கேஸை இழுக்க வேக்கம் இல்லாததால பெட்ரோல் ஆவி, தண்ணி எல்லாம் ஆயிலுக்குள்ளயே தங்கும், ஆயில் சீக்கிரம் கெடும். மேனிஃபோல்ட் பக்க ஓட்டையை சரியா அடைக்கலைன்னா கணக்கில்லாத காத்து உள்ள போய் ஐடில் ஆடும். கலிஃபோர்னியாவுல 1961 மாடல்லேர்ந்தே இந்த கேஸை வெளிய விடாம இன்ஜினுக்கே திருப்பச் சொல்லிட்டாங்க, நாம பிஎஸ்6 வண்டியை வாங்கி அதை ரோட்டுல விடறது எனக்கு மனசு ஒப்பல.

மூணாவது, சீல் பண்ண கேட்ச் கேன், அதாவது ஹோஸ் நடுவுல வச்சு ஆயிலை பிடிக்கற டப்பா, என் ஓட்டு இதுக்குத்தான். கேஸ் கேனுக்குள்ள போய் ஆயிலை விட்டுட்டு திரும்ப இன்டேக்குக்கே போகும், சென்சார் கணக்கும் தப்பாது. ஆனா உள்ள தடுப்பு தகடும் கம்பி வலையும் இல்லாத வெறும் டப்பாவை வாங்காதீங்க, ஆயில் ஒரு பக்கம் நுழைஞ்சு மறுபக்கம் அப்படியே போயிடும். நம்ம ஊர் மே மாச வெயில்ல இடம் ரொம்ப முக்கியம், டர்போ பக்கத்துல வச்சா கேன் கொதிக்கும், ஆவி குளிராம தாண்டிடும், கிரில் பக்கம் காத்து படற இடத்துல வைங்க. ஹோஸ் ஆயில் தாங்கறதா இருக்கணும், சாதா தண்ணி ஹோஸ் ஊறி அமுங்கி வழியை அடைச்சுடும், அது கேன் இல்லாததை விட மோசம். ரெண்டு வழியில ஒண்ணுக்கு மட்டும் கேன் வச்சா பாதி வேலைதான், ஏலகிரி 14 கொண்டை ஊசி ஏறறப்ப ஆயில் டர்போ பக்க ஹோஸ்லதான் போகும், நிறைய பேர் பிசிவி பக்கம் மட்டும் மாட்டிட்டு வேலை செய்யலன்னு சொல்றாங்க. மழைக்காலத்துல கிரீன் சர்க்கிள் வரைக்கும் போய் வர்ற சின்ன சின்ன ஓட்டத்துல கேன்ல பால் மாதிரி வடியும், கூலன்ட் குறையாம இருந்தா அது பெரும்பாலும் ஈரம்தான், ஹெட் கேஸ்கெட்னு பதறாதீங்க. வடிக்க மறந்தா மட்டும் விபரீதம், நிரம்பினா மொத்தமா இன்ஜினுக்குள்ள போகும்.

சைலன்சர் பைப்புல கனெக்‌ஷன் குடுத்து உறிய விடறது, தனி வேக்கம் பம்ப் இதெல்லாம் ரேஸ் வண்டிக்கு. ரோட்டு வண்டியில கேட்டலிடிக் கன்வெர்ட்டர், சைலன்சர் எதிர்ப்பிரஷர்ல அந்த பைப் உறியறதே சந்தேகம்.

எதுக்கும் காசு போடறதுக்கு முன்னாடி ஐடில்ல ஆயில் மூடியை கழட்டி ஒரு பிளாஸ்டிக் கவரை மேல வைங்க. லேசா உள்ள இழுத்தா நல்லது. கவர் உப்பினா பிசிவி அடைச்சிருக்கும், இல்ல ரிங் தேஞ்சிருக்கும். மூடியே வராத அளவுக்கு இழுத்து விசில் சத்தம் வந்தா பிசிவிக்குள்ள இருக்கற ரப்பர் டயாஃப்ரம் கிழிஞ்சிருக்கும். என்னை கேட்ட ரெண்டு பேர்ல ஒருத்தனுக்கு டயாஃப்ரம்தான், மாத்தினதும் ஆயில் குடிக்கறது நின்னுடுச்சு, கேனே வேண்டியிருக்கல. இன்னொருத்தனுக்கு ஒரே தடவை ஏலகிரி போய் வந்ததுல ஒரு டீ கிளாஸ் அளவு ஆயில் கேன்ல நின்னுச்சு, கம்ப்ரஷன் டெஸ்ட் பண்ணா மூணாவது சிலிண்டர் விழுந்திருக்கு, இப்ப ஹெட்டை இறக்கிட்டு ரிங்குக்கு காத்திருக்கான்.