மாதப் பெட்டியா, மரச்சாமானா, கைக்கெட்டிய பொருளா? வீட்டுவழிக் கல்விக்கு எது தாங்கும்

பிள்ளைகள் இருவரையும் வீட்டிலேயே படிக்கவைப்பது என்று முடிவானதும், கற்றல் பொருள்களுக்கு எங்கள் முன் மூன்று வழிகள் இருந்தன. மாதந்தோறும் வீடு தேடி வரும் செயல்பாட்டுப் பெட்டிகள் ஒன்று. பிள்ளை தானே கையாண்டு கற்பதற்கென மாண்டிசோரி கல்விமுறையில் செய்யப்படும் மரச்சாமான்கள் மற்றொன்று. இலவசமாகக் கிடைப்பவற்றை அச்சிட்டும், கடைத்தெருவிலும் சமையலறையிலும் கிடைப்பவற்றைக் கொண்டு செய்தும் நாமே திரட்டிக்கொள்வது மூன்றாவது. நாங்கள் மூன்றாவதைத் தேர்ந்தோம். மாண்டிசோரி சாமான்களில் ஒன்றை மட்டும் விலைகொடுத்து வாங்கினோம். விலை வேறுபாடு எல்லோருக்கும் தெரிந்ததே. எங்கள் முடிவைத் தீர்மானித்தது பராமரிப்பு: ஒரு பொருள் தீர்ந்தால், தொலைந்தால், உடைந்தால் அடுத்து என்ன ஆகிறது என்பது.

பெட்டிகளில் எல்லாம் அளந்து வைக்கப்பட்டிருக்கும். வெட்டிய அட்டை, எண்ணிவைத்த ஒட்டுவில்லை, படம் போட்ட செய்முறைத் தாள் என்று பெற்றோரின் நேரத்தை அவை பெருமளவு மிச்சப்படுத்துகின்றன. இருவரும் வேலைக்குப் போகும் வீட்டில் இது சிறிய உதவியன்று. ஆனால் அந்த அளவு ஒரு பிள்ளை ஒருமுறை செய்வதற்கானது. மூத்தவள் செய்து முடித்ததைப் பார்த்து இளையவன் தானும் செய்ய வேண்டும் என்று வந்து நிற்கும்போது பெட்டியில் மிஞ்சியிருப்பது செய்முறைத் தாள் மட்டுமே. பிள்ளைகள் பிடித்ததைத் திரும்பத் திரும்பச் செய்துதான் கற்கிறார்கள். பெட்டியோ அடுத்த மாதம் வேறு தலைப்புக்குப் போய்விடுகிறது. பிரித்த பெட்டியை மறுவிலைக்குக் கேட்பாரும் இல்லை.

மாண்டிசோரி சாமான்களின் நிலை இதற்கு நேர்மாறு. இந்தக் கல்விமுறையை உருவாக்கி, 1939இல் சென்னை அடையாற்றுக்கு வந்த மரியா மாண்டிசோரி, உலகப் போரினால் 1946 வரை இந்தியாவிலேயே தங்கி, அடையாற்றிலும் கொடைக்கானலிலும் ஆசிரியர்களுக்குப் பயிற்சி தந்தார் என்பதால் இம்முறை நம் ஊருக்குப் புதிதன்று. இச்சாமான்களில் ஒன்றான இளஞ்சிவப்புக் கோபுரத்தின் பத்துக் கனசதுரங்களும் ஒரு சென்டிமீட்டரில் தொடங்கிப் பத்து சென்டிமீட்டர் வரை ஒவ்வொரு சென்டிமீட்டராகக் கூடுகின்றன. அடுக்குவதில் பிழை நேர்ந்தால் பொருளே அதைக் காட்டிக்கொடுத்துவிடுகிறது. நல்ல மரத்தில் செய்தவை ஆண்டுக்கணக்கில் உழைக்கின்றன. பெற்றோர் குழுக்களில் அவற்றைப் பாதி விலைக்காவது எளிதாக விற்றுவிடலாம். இந்தத் துல்லியமே பராமரிப்பில் சுமையும் ஆகிறது. ஒரு கனசதுரம் தொலைந்தால் வரிசை முழுவதும் ஊனமாகிவிடும், உதிரியாக ஒன்றை வாங்குவதும் கடினம் என்பதால், பிள்ளைகளைக் காட்டிலும் சாமானைக் காவல் காப்பதே பெரியவர்களின் வேலையாகிவிடுகிறது.

நாங்கள் விலைகொடுத்து வாங்கிய அந்த ஒரே சாமான், பொன்னிற மணிகளை ஒன்று, பத்து, நூறு, ஆயிரம் எனச் சேர்த்து அமைத்த பொன்மணித் தொகுதி. ஆயிரம் மணிகள் சேர்ந்த கனசதுரத்தைக் கையில் ஏந்தும்போது ஆயிரம் எவ்வளவு கனம் என்று பிள்ளைக்குத் தெரிகிறது. அதை வீட்டில் கோத்துச் செய்வது வீண் உழைப்பு.

மற்றவற்றுக்கெல்லாம் கைக்கெட்டிய பொருள்களே எங்களுக்குப் போதுமானவையாக இருக்கின்றன. தீக்குச்சியையும் சைக்கிள் வால்வு டியூபையும் எடுத்துக்கொள்ளுங்கள். மத்தியப் பிரதேசத்து ஹோசங்காபாத்தில் 1972இல் தொடங்கிய பள்ளி அறிவியல் திட்டத்தில் 1978இல் பங்கெடுத்த அரவிந்த் குப்தா என்ற பொறியாளர் உருவாக்கிய வழி இது. 2018இல் அவருக்குப் பத்மஸ்ரீ வழங்கப்பட்டது. அவருடைய இணையதளத்தில் செய்முறைகள் இலவசமாகக் கிடைக்கின்றன. மருந்தைச் சுரண்டி எடுத்த இரு குச்சிகளை, ஒரு விரற்கடைக்கும் குறைவாக நறுக்கிய டியூபின் இரு முனைகளிலும் செருகினால் ஒரு மூட்டு. டியூபின் நடுவில் கருவேல முள்ளால் துளையிட்டு, முனை சீவிய மூன்றாவது குச்சியை நுழைத்தால் மூன்று திசை மூட்டு. இப்படிச் செய்த சதுரத்தை விரலால் அழுத்தினால் சாய்ந்து சாய்சதுரமாகிவிடும், முக்கோணம் அசையாது. பாலத்திலும் கூரையிலும் முக்கோணச் சட்டங்கள் ஏன் இருக்கின்றன என்பதை அதன்பின் விளக்கவேண்டிய தேவையே எழுவதில்லை. நான்கு மூன்று திசை மூட்டுகளும் ஆறு குச்சிகளும் சேர்ந்தால் நான்முகி. குச்சி ஒடிந்தால் பிள்ளையே வேறு குச்சியைச் செருகிக்கொள்கிறான். டியூப் தீர்ந்தால் சைக்கிள் கடைக்குப் போகிறோம். பழுதுபார்ப்பதும் பாடத்தின் பகுதியாகிவிடும் இந்த வசதி மற்ற இரு வழிகளிலும் இல்லை.

தமிழ் எழுத்துக்கு இது இன்னும் பொருந்தும். மாண்டிசோரி முறையில் சொரசொரப்பான எழுத்தை விரலால் தடவிப் பழகுவார்கள். கடைகளில் பெரும்பாலும் ஆங்கில எழுத்துகளே கிடைக்கின்றன. உப்புத்தாளை வெட்டி அட்டையில் ஒட்ட முற்பட்டபோது 247 எழுத்துகளையும் செய்யவேண்டியதில்லை என்பது தெளிவாயிற்று. உயிரும் மெய்யும் ஆய்தமும் 31 அட்டைகள். கால், கொம்பு, மேல்விலங்கு போன்ற குறிகளுக்குச் சில அட்டைகள். கு, சு, டு, மு எனக் குறியின் வடிவம் மெய்க்கு மெய் மாறும் உகர, ஊகார வரிசைகளுக்கு மட்டும் தனித்தனியாக 36 வேண்டும். மழைக்காலத்தில் பசை விட்டு ஓரம் எழும்பும், மறுபடி ஒட்டிவிடலாம்.

வாசிப்புக்குப் பிரதம் புக்ஸ் என்ற சிறுவர் நூல் பதிப்பகம் 2015இல் தொடங்கிய ஸ்டோரிவீவர் தளத்தில் தமிழ்க் கதைகள் படிநிலை வாரியாக இருக்கின்றன. அவற்றின் திறந்த உரிமம் அச்சிடவும் மாற்றி எழுதவும் இடம் தருவதால், கிழிந்த பக்கத்தைப் பற்றிய கவலை இல்லை. தமிழ்நாட்டுப் பாடநூல்களும் இணையத்தில் இலவசம். பல்லாங்குழியின் 14 குழிகள் கூட்டலுக்கும் பகிர்வுக்கும் போதும். புளியங்கொட்டையை மட்டும் வறுத்து வையுங்கள், இல்லாவிட்டால் வண்டு துளைத்துவிடும்.

இந்த வழி பெற்றோரின் நேரத்தை உண்கிறது என்பதை மறைக்க முடியாது. தேடுவதும் அச்சிடுவதும் வகைப்படுத்தி வைப்பதும் மாலைப் பொழுதுகளை எடுத்துக்கொள்கின்றன. அந்த நேரம் இல்லாதவர்களுக்குப் பெட்டியே நல்லது என்று தயங்காமல் சொல்வேன். எங்கள் பிள்ளைகள் இன்னும் பத்து வயதைத் தாண்டவில்லை என்பதையும் நினைவில் கொள்ளுங்கள். தேசியத் திறந்தநிலைப் பள்ளி நிறுவனத்தின் பத்தாம் வகுப்புத் தேர்வை எழுத 14 வயது நிறைந்திருக்க வேண்டும். அதற்கான வேதியியலையும் மின்னியலையும் தீக்குச்சியும் கொட்டையும் தாங்கும் என்று நான் எண்ணவில்லை. அந்தக் கட்டத்தில் ஓர் ஆய்வகத்தைப் பகிர்ந்துகொள்ளும் பெற்றோர் குழுவில் சேர்வதையே இப்போதைக்கு யோசித்து வைத்திருக்கிறோம்.