டர்பன் மேட்டுத் தெருக்களுக்கு எந்த பி.எம்.எக்ஸ்.?

தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரில், சாட்ஸ்வர்த், பீனிக்ஸ் பகுதிகளில் ஒரு பிள்ளை பி.எம்.எக்ஸ். சைக்கிள் (சாகசத்துக்கும் மண் தடப் பந்தயத்துக்குமான சிறு சக்கர சைக்கிள்) கேட்டால், பெற்றோர் முன் பெரும்பாலும் மூன்று வகைகள் வந்து நிற்கின்றன: பேரங்காடியில் விளையாட்டுப் பொருள்களோடு விற்கப்படும், பி.எம்.எக்ஸ். தோற்றம் மட்டும் கொண்ட சைக்கிள். தெருவிலும் ஸ்கேட் பூங்காவிலும் சாகசம் பழகுவதற்கான ஃப்ரீஸ்டைல் சைக்கிள். மண் தடத்தில் பந்தயம் ஓடுவதற்கான ரேஸ் சைக்கிள். சற்று வளர்ந்த பிள்ளைக்கு மூன்றிலும் சக்கரம் 20 அங்குலமே என்பதால் எதை வாங்கினாலும் ஒன்றுதான் என்று தோன்றக்கூடும். ஆனால், பின்னிரண்டும் தனித்தனி வேலைக்கென்று வடிவமைக்கப்பட்டவை. முதலாவது விலையை முன்வைத்துச் செய்யப்பட்டது.

அந்த முதல் வகையைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. கடைக்குப் போய்வரவும் முற்றத்தில் சுற்றவும் அது போதும். குதித்து இறங்கத் தொடங்கிய பிள்ளையின் கையில் அதன் கிராங்கும் (பெடலைத் தாங்கும் கை) ஹேண்டில்பார் பிடிப்பும் வெகுநாள் தாங்குவதில்லை; பின்னர் மாற்று உறுப்பு தேடினாலும் பொருந்தும் அளவில் கிடைப்பது அரிது.

ஃப்ரீஸ்டைல் சைக்கிளின் ஒவ்வொரு உறுப்பும், உயரத்திலிருந்து விழுந்து மீண்டும் உருள்வதை எதிர்பார்த்தே அமைக்கப்படுகிறது. பின்சக்கர அச்சு 14 மி.மீ. தடிமன் கொண்டது, ரேஸ் சைக்கிளில் அது பொதுவாக 10 மி.மீ. தான். டயர் பெரும்பாலும் 2.3 அங்குலத்துக்குக் குறையாமல் அகன்றிருக்கும். பிரேம் எஃகால் ஆனது. அதிலும் 4130 எனக் குறிக்கப்படும் குரோமோலி எஃகு, சாதாரண எஃகைவிட வலுவானது என்பதால் மெல்லிய குழாய்களாலேயே அதே உறுதியைத் தருகிறது. விலை குறைந்த மாதிரிகளில் ஒரே ஒரு குழாய் மட்டும் குரோமோலியாக இருக்க, விளம்பர ஒட்டியில் அந்தப் பெயர் கொட்டை எழுத்தில் நிற்பதுண்டு; ஆகையால் பிரேம், முன்கவை, கிராங்க் ஆகிய மூன்றும் எதனால் ஆனவை என்று தனித்தனியாகக் கேட்பதே முறை.

ரேஸ் சைக்கிள் பெரும்பாலும் அலுமினியத்தால் ஆனது. கைக்கு இலகு, புறப்பாட்டில் வேகம். மினி, ஜூனியர், எக்ஸ்பர்ட், புரோ என்று ஓட்டுநரின் உடலளவுக்கேற்ப அது வகுக்கப்பட்டிருப்பது, ஃப்ரீஸ்டைலில் அவ்வளவு ஒழுங்காகக் காணக் கிடைக்காத நன்மை. இரண்டிலும் ஒரே ஒரு கியர்தான். ரேஸ் சைக்கிளில் முன்னே 44 பல், பின்னே 16 பல் என்பது வழக்கமான அமைப்பு. ஃப்ரீஸ்டைலில் 25-க்கு 9. கணக்கிட்டால் இரு விகிதமும் ஏறக்குறைய ஒன்றுதான். கம்பியின் மீதோ சிமெண்ட் விளிம்பிலோ உரசாமல் இருப்பதற்காகவே ஃப்ரீஸ்டைலின் முன்பற்சக்கரம் சிறுத்தது.

ஆகவே ஏற்றத்தில் எது எளிது என்ற கேள்வி நம் தெருக்களுக்குப் பெரிதன்று. செங்குத்தான மேட்டில் இரண்டையுமே தள்ளிக்கொண்டுதான் போக வேண்டும். இறக்கம்தான் கவலைக்குரியது. ஃப்ரீஸ்டைலில் பெரும்பாலும் பின் பிரேக் ஒன்று மட்டுமே உண்டு. பழகியவர்கள் அதையும் கழற்றிவிடுவது ஒரு பாணியாகவே இருக்கிறது. மேடும் பள்ளமுமான சாட்ஸ்வர்த்தில் பத்து வயதுப் பிள்ளைக்கு அந்தப் பாணிக்கு இடமளிக்கக் கூடாது என்பது என் உறுதியான கருத்து. ரேஸ் சைக்கிளிலும் பின் பிரேக் மட்டுமே என்றாலும், அதில் வரும் வி-பிரேக் (நீண்ட இரு கைகளால் ரிம்மை இருபுறமும் அழுத்தும் பிரேக்) நல்ல பிடிப்புள்ளது.

கடற்காற்று இன்னொரு கணக்கு. நார்த் பீச் ஸ்கேட் பூங்காவுக்கு வாரந்தோறும் கொண்டுபோகும் எஃகுப் பிரேமைத் துடைத்து வைக்காவிட்டால் வண்ணம் உரிந்த இடங்களில் துரு ஏறிவிடும். அலுமினியத்துக்கு அந்தத் தொல்லை இல்லை. ஆயினும் அதன் செயினும் திருகாணிகளும் எஃகுதானே.

பந்தயத்துக்கும் நம் குவாசூலு-நேட்டால் மாகாணத்தில் வேர் உண்டு. 2010-இல் உலக பி.எம்.எக்ஸ். சாம்பியன்ஷிப் பீட்டர்மாரிட்ஸ்பர்க்கில்தான் நடந்தது. தென்னாப்பிரிக்காவின் சிஃபிசோ ந்லாப்போ 2008, 2012 ஒலிம்பிக் போட்டிகளில் ஓட்டினார். எனினும், பிள்ளை ஒரு தடத்தில் முறையாகப் பயிற்சி பெறப் போவது உறுதியான பிறகே ரேஸ் சைக்கிளுக்குச் செலவிடுவது தகும். முகத்தை முழுதும் மூடும் தலைக்கவசம், கையுறை, நீளக்கைச் சட்டை ஆகியவற்றின் செலவும் அதனோடு சேரும். தெருவும் பூங்காவுமே களம் என்றால், பின் பிரேக் உள்ள குரோமோலி ஃப்ரீஸ்டைல்தான் என் தேர்வு.

பழைய ரேஸ் சைக்கிள் வாங்குவோர் டயரில் அச்சிட்ட எண்ணைப் படிக்க வேண்டும். 20 x 1.75 என்று தசமத்தில் இருந்தால் ரிம் விட்டம் 406 மி.மீ.; 20 x 1 3/8 என்று பின்னத்தில் இருந்தால் 451 மி.மீ. இரண்டுமே 20 அங்குலம் என்றே விற்கப்படுகின்றன, ஆனால் ஒன்றின் டயர் மற்றதில் ஏறாது. சிறு பிள்ளைகளின் ரேஸ் சைக்கிள்களில் இந்த இரண்டாவது அளவு அதிகம். அதற்கான டயரும் டியூபும் பக்கத்துக் கடையில் கிடைக்குமா என்று கேட்டுவிட்டுப் பணத்தைக் கொடுக்கலாம்.