ஐபிஎம் ஐ-இல் லோகோவும் கையெழுத்தும் அச்சிட: எது தேவை, எது வீண் செலவு

1988-இல் ஏஎஸ்/400 என்று வந்து, ஐசீரீஸ், சிஸ்டம் ஐ என்றெல்லாம் பெயர் மாறி, இன்று ஐபிஎம்மின் பவர் சர்வரில் ஐபிஎம் ஐ என்ற இயங்குதளமாக ஓடிக்கொண்டிருக்கும் இயந்திரத்தில் எழுத்தை அச்சிடுவது பெரிய விஷயமே இல்லை. படம் வேண்டும் என்று யாராவது கேட்டால்தான் பேச்சு நீளும். வாகனக் கடன் தரும் ஒரு நிறுவனத்தில் இந்த சிஸ்டத்தை நான் பார்த்துக்கொள்கிறேன். ரசீது, கணக்குத்தாள், கடன் முடிந்ததும் கொடுக்கும் என்ஓசி (தடையில்லாச் சான்று) மூன்றிலும் லோகோவும் அதிகாரியின் கையெழுத்தும் சிஸ்டத்திலிருந்தே வர வேண்டும், முன்கூட்டியே அச்சடித்த தாள் வாங்குவதை நிறுத்த வேண்டும் என்று மேலிடம் சொன்னது. அப்போது அலசியதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

எங்கள் முன் இருந்தவை நான்கு வழிகள். பிஎஸ்எஃப் என்ற ஐபிஎம் அச்சு மென்பொருளும், சிஸ்டத்தோடு இரு பக்கமும் பேசும் ஐபிடிஎஸ் வகை ப்ரிண்டரும் வாங்குவது. சிஸ்டத்திலேயே இருக்கும் ஹோஸ்ட் பிரிண்ட் டிரான்ஸ்ஃபார்ம் என்ற அச்சு வடிவ மாற்றியை வைத்துச் சாதாரண லேசரில் அடிப்பது. லோகோவை ப்ரிண்டரின் நினைவகத்தில் மேக்ரோவாக (தேவைப்படும்போது அழைக்கும் சேமித்த துண்டாக) ஏற்றிவிடுவது. அல்லது ஸ்பூலை (அச்சுக்குக் காத்திருக்கும் வெளியீட்டை) ஒரு விண்டோஸ் சர்வருக்கு அனுப்பி, ஃபார்ம் மென்பொருள் ஒன்றைக் கொண்டு அங்கே வடிவமைத்து அச்சிடுவது. நாங்கள் எடுத்தது இரண்டாவது வழி. என் சாய்வும் அதன் பக்கம்தான்.

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடலாம். ஏஎஃப்பி (எழுத்தோடு படமும் கோடும் சேரும் ஐபிஎம்மின் அச்சு வடிவம்) என்று பேச்சை எடுத்தாலே "பிஎஸ்எஃப் லைசென்ஸ் இருக்கிறதா?" என்று கேட்பார்கள். ஏஎஃப்பி வடிவில் ஸ்பூலை உருவாக்க பிஎஸ்எஃப் வேண்டாம். புரோகிராம் அச்சிடப் பயன்படுத்தும் ப்ரிண்டர் ஃபைலில் டிவைஸ் டைப்பை ஏஎஃப்பிடிஎஸ் என்று மாற்றினால் போதும். படத்தைப் பேஜ் செக்மென்டாகவும் முழுத்தாள் வடிவத்தை ஓவர்லேயாகவும் உருவாக்கும் கட்டளைகள் இயங்குதளத்தோடே வருகின்றன. ஏஎஃப்பி என்று கட்டமைத்த ஐபிடிஎஸ் ப்ரிண்டரை ஓட்டும்போதுதான் பிஎஸ்எஃப் கட்டாயம். ப்ரிண்டரின் வேகத்தைப் பொறுத்து அதன் லைசென்ஸும் வேறுபடும். பிசிஎல் (பல லேசர்களுக்குப் பொதுவான அச்சு மொழி) தெரிந்த சாதாரண லேசருக்கு அந்த லைசென்ஸே வேண்டாம். ஹோஸ்ட் பிரிண்ட் டிரான்ஸ்ஃபார்ம் அந்த ஏஎஃப்பியைப் பிசிஎல்லாக மாற்றிக் கொடுத்துவிடும்.

அதனால் வாங்க வேண்டியது என்று பார்த்தால் ஏறக்குறைய ஒன்றும் இல்லை. படத்தை உருவாக்க விண்டோஸ் கணினியில் ஏஎஃப்பி டிரைவர் வேண்டும், அதுவும் கணினியை ஐபிஎம் ஐ-யோடு இணைக்கும் கிளையன்ட் சொல்யூஷன்ஸ் மென்பொருளின் விண்டோஸ் தொகுப்பிலேயே இருக்கிறது. லோகோவை ஒரு வேர்டு பக்கத்தில் மேல் இடது மூலையில் வைத்து இந்த டிரைவருக்கு அச்சிடுகிறோம். மேம்பட்ட அமைப்பில் வெளியீட்டு வகையைப் 'பேஜ் செக்மென்ட்' என்று மாற்றி, கிளிப் எல்லையைப் படத்தின் அளவுக்குச் சுருக்க வேண்டும். சுருக்காமல் விட்டால் லோகோவோடு ஒரு முழு ஏ4 வெள்ளைப் பரப்பும் சேர்ந்து வந்துவிடும். கிடைக்கும் கோப்பை 32766 பதிவு நீளமுள்ள ஃபிசிக்கல் ஃபைலுக்கு (சிஸ்டத்தின் தரவுக் கோப்புக்கு) எஃப்டிபியில் பைனரியாக அனுப்பி, பேஜ் செக்மென்ட் கட்டளையை ஓட்டினால் ஒரு லைப்ரரியில் (கோப்புறை போன்றது) ஆப்ஜெக்டாக உட்கார்ந்துகொள்ளும். அப்புறம் தாளின் அமைப்பைச் சொல்லும் டிடிஎஸ் குறிப்பில் ஒரே வரி: எந்தப் படம், மேலிருந்து எவ்வளவு, இடமிருந்து எவ்வளவு. படத்தின் பெயரை ஆர்பிஜி மொழியில் எழுதிய புரோகிராமிலிருந்து மாறியாகவும் கொடுக்கலாம். எந்தக் கிளையோ அந்தக் கிளை மேலாளரின் கையெழுத்து வருவது இப்படித்தான்.

அளவையும் கொஞ்சம் கவனிக்க வேண்டும். ஏ4 தாள் முழுவதையும் அங்குலத்துக்கு 300 புள்ளி அடர்த்தியில், கறுப்பு வெள்ளையில் ஒரே படமாக்கினால் சுருக்குவதற்கு முன் பக்கத்துக்கு ஏறக்குறைய ஒரு எம்பி. இரண்டு அங்குலத்துக்கு ஒரு அங்குலம் உள்ள லோகோ 22 கேபிதான். பிஎஸ்எஃப், ஓவர்லேயை ப்ரிண்டருக்கு ஒருமுறை இறக்கிவிட்டுத் திரும்பத் திரும்பப் பயன்படுத்திக்கொள்ளும். டிரான்ஸ்ஃபார்ம் பக்கத்துக்குப் பக்கம் அனுப்பும். எனவே கட்டமும் கோடும் டிடிஎஸ்ஸின் வேலையாக இருக்கட்டும், லோகோவையும் கையெழுத்தையும் மட்டும் படமாக வையுங்கள்.

மேக்ரோ வழியையும் விண்டோஸ் சர்வர் வழியையும் நான் தள்ளியதற்குக் காரணம் விலை அல்ல, பராமரிப்பு. கையெழுத்துப் போடுகிற அதிகாரி மாறினால் யார் எங்கே போய் என்ன மாற்றுவது? இந்த ஒரு கேள்விதான் எங்களுக்கு முடிவைச் சொன்னது.

மேக்ரோ என்றால் படம் ப்ரிண்டருக்குள் இருக்கிறது. அதிகாரி மாறினால் ஒவ்வொரு கிளை ப்ரிண்டருக்கும் புதிதாக ஏற்ற வேண்டும். ஏதோ ஒரு கிளையில் ப்ரிண்டர் பழுதாகி மாற்று ப்ரிண்டர் வைத்தால் அன்றைக்கு லோகோ இல்லாத ரசீதுதான் வெளியே போகும். விண்டோஸ் சர்வரில் வடிவமைப்பது எளிது, மறுக்கவில்லை. ஆனால் அந்தப் பெட்டிக்குத் தனி பேக்கப், தனி பேட்ச் (மென்பொருள் திருத்தம்), தனி ஆண்டுச் சந்தா. இரவு பேட்ச் முடிந்து அது எழுந்திருக்காவிட்டால் காலையில் எல்லாக் கிளையும் ஃபோன் போடும்.

பேஜ் செக்மென்ட் லைப்ரரியில் இருக்கிற ஆப்ஜெக்ட். மற்ற லைப்ரரிகளோடு அதுவும் டேப்பில் பேக்கப் ஆகிறது, புதிய மெஷினுக்கு மாறினால் கூடவே வருகிறது. ஓர் இடத்தில் மாற்றினால் எல்லாக் கிளையிலும் அடுத்த ரசீதிலிருந்து புதுக் கையெழுத்து. யார் அதைத் தொடலாம் என்பதை ஆப்ஜெக்ட் அத்தாரிட்டியிலேயே கட்டுப்படுத்திவிடலாம். என்ஓசியில் வரும் கையெழுத்து என்பதால் இது சாதாரண வசதி இல்லை, ஆடிட்டர் கேட்கிற முதல் கேள்வியே அதுதான்.

இதில் ஒரு பொறி உண்டு. ஸ்பூலுக்குள் படம் இருப்பதில்லை, அதன் பெயர்தான் இருக்கிறது. அச்சாகும் நேரத்தில்தான் சிஸ்டம் படத்தைத் தேடி எடுக்கும். பழைய பெயரிலேயே புதுக் கையெழுத்தை ஏற்றினால், போன வருட ஸ்பூலை இன்று மறுபடி அடிக்கும்போது போன வருடத் தேதிக்குக் கீழே இன்றைய அதிகாரி கையெழுத்துப் போட்டிருப்பார்! எனவே ஒவ்வொரு மாற்றத்துக்கும் புதிய பெயர் வைத்து, எந்தத் தேதியிலிருந்து எது என்று ஒரு சின்ன டேபிளில் வைத்துக்கொள்ளுங்கள். பெயர் எட்டு எழுத்துக்குள் இருக்க வேண்டும். ஸ்பூலை இன்னொரு சிஸ்டத்துக்கு அனுப்பினால் அங்கேயும் அந்தப் படங்கள் இருக்க வேண்டும் என்பதும் இதோடு சேர்ந்ததுதான்.

சரி, பிஎஸ்எஃப் யாருக்கு? ஒரு தாள்கூடத் தவறக் கூடாது, இரண்டு முறையும் வரக் கூடாது என்கிறவர்களுக்கு. காசோலை, பாலிசிப் பத்திரம் அடிப்பவர்கள் கணக்குப் போட்டுப் பார்க்க வேண்டியது அதைத்தான். ஐபிடிஎஸ்ஸில் ப்ரிண்டரும் சிஸ்டமும் இரு பக்கமும் பேசிக்கொள்கின்றன. தாள் சிக்கினால் எந்தப் பக்கத்தில் நின்றது என்று தெரிந்து அங்கிருந்தே தொடரும். பிசிஎல்லில் அந்த உறுதி கிடையாது. எங்களுக்கு ரசீது திரும்ப அடித்தால் 'நகல்' என்று புரோகிராமே போட்டுவிடுவதால் சமாளிக்க முடிகிறது. பெரிய வேக ப்ரிண்டர்களை நான் ஓட்டியதில்லை. அங்கே என் கருத்தைப் பெரிதாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

ஜிஎஸ்டி பில் அடிப்பவர்களுக்கு இன்னொரு கணக்கு இருக்கிறது. 2023 ஆகஸ்ட் முதல் 5 கோடிக்கு மேல் விற்றுமுதல் உள்ளவர்களுக்கு இ-இன்வாய்ஸ் கட்டாயம், அதன் கியூஆர் பில்லில் வந்தாக வேண்டும். அந்தப் படம் பில்லுக்குப் பில் வேறு. லோகோவைப் போல ஒருமுறை செய்து வைத்துவிட முடியாது. கடன் நிறுவனமாகிய எங்களுக்கு விலக்கு இருப்பதால் தப்பித்தோம். பில்தான் முக்கிய வேலை என்றால் விண்டோஸ் ஃபார்ம் மென்பொருளைத் தள்ளிவிடாமல் ஒருமுறை சோதித்துப் பாருங்கள்.

இரண்டாவது வழிக்கு வருபவர்கள் ப்ரிண்டர் வாங்கும்போதே பிசிஎல் உண்டா என்று பார்த்துவிட வேண்டும். கடையில் மலிவாகக் கிடைக்கும் லேசர்கள் பல, விண்டோஸ் டிரைவரை மட்டும் நம்பியவை. அவற்றுக்கு அனுப்பினால் குப்பை எழுத்து வரும், இல்லையேல் ஒன்றுமே வராது. கிளை ப்ரிண்டரை ரிமோட் அவுட்க்யூவாக (ஸ்பூலை வேறு முகவரிக்கு அனுப்பிவிடும் வரிசையாக) வைக்காமல் நெட்வொர்க்கின் 9100 போர்ட்டில் டிவைஸாகவே உருவாக்குங்கள். தாள் சிக்கினால் மூன்றாம் பக்கத்திலிருந்து ஐந்து வரை என்று கேட்டு அடிப்பது டிவைஸில்தான் நடக்கும், ரிமோட் அவுட்க்யூ அதைக் கண்டுகொள்ளாது. டிவைஸை உருவாக்கும்போது முதல் தட்டின் தாள் அளவை ஏ4 என்று கையால் கொடுத்துவிடுங்கள். இயல்பில் விட்டால் பல மாடல்கள் அமெரிக்க லெட்டர் தாளைக் கேட்டுக்கொண்டு நின்றுவிடும், கிளையில் இருப்பவர்கள் ப்ரிண்டர் கெட்டுவிட்டது என்று நினைத்துக்கொள்வார்கள்.