அறிவு எங்கிருந்து வருகிறது: லாக்கும் லைப்னிட்ஸும்

பிறக்கும்போது மனம் எதுவும் எழுதாத வெள்ளைத்தாள் என்றார் ஆங்கிலேய மெய்யியலாளர் ஜான் லாக். புலன்கள் தருவதும், மனம் தன் செயல்களைத் தானே கவனிப்பதும்தான் அறிவின் மூலப்பொருள். பிறவியிலேயே எல்லோருக்கும் சில உண்மைகள் தெரியும் என்றால், குழந்தைகளுக்கு அவை ஏன் தெரிவதில்லை என்று கேட்டார். வலுவான கேள்விதான்.

புலன்கள் மட்டும் போதாது, அறிவின் சில அடிப்படைகள் மனத்திலேயே உண்டு என்று கருதிய ஜெர்மானிய மெய்யியலாளர் லைப்னிட்ஸ் லாக்கின் நூலுக்குப் பகுதி பகுதியாகப் பதில் எழுதினார். புலன்கள் தனித்தனி நிகழ்வுகளை மட்டுமே காட்டும். எத்தனை முறை பார்த்தாலும் 'இப்படித்தான் இருந்தாக வேண்டும்' என்று அவை சொல்லாது. கணிதம் அப்படிச் சொல்கிறதே, அந்த உறுதி எங்கிருந்து வந்தது? மனம் ரேகைகள் ஓடும் பளிங்குக் கல், செதுக்கச் செதுக்க அவை வெளிப்படும் என்றார். இந்த இடத்தில் லைப்னிட்ஸ் பக்கம்தான் நான். 1704இல் லாக் இறந்துவிட, லைப்னிட்ஸ் தன் பதில் நூலை வெளியிடவில்லை. அது அச்சேறியது 1765இல்.

அப்புறம் ஸ்காட்லாந்து மெய்யியலாளர் ஹ்யூம் வந்தார். காரணத்தையும் விளைவையும் பிணைக்கும் கட்டாயத்தை நாம் எங்கும் பார்ப்பதில்லை, பழக்கத்தால் எதிர்பார்க்கிறோம் என்றார். அந்த அடிதான் ஜெர்மானிய மெய்யியலாளர் காண்ட்டை உலுக்கியது. அறிவு அனுபவத்தோடு தொடங்குகிறது, ஆனால் முழுவதும் அனுபவத்திலிருந்தே பிறப்பதில்லை என்று தன் முதன்மை நூல் வெளிவந்த 1781க்குப் பிறகு இரு தரப்பையும் ஒன்றோடொன்று பேசவைத்தவர் காண்ட். லாக்கை முதலில் படியுங்கள். லைப்னிட்ஸின் பதில் அப்போதுதான் உறைக்கும்.