பழைய டெலிஃபோட்டோ லென்ஸ் வாங்கப் போகிறவர்கள் கவனத்திற்கு

சென்னையில் பழைய கேமராக்களையும் லென்ஸ்களையும் வாங்கி விற்கும் ஒரு கடையில், பறவைகளைப் படம் எடுப்பதற்காக நிக்கான் 200-500 மி.மீ. லென்ஸ் ஒன்றை 68,000 ரூபாய் கொடுத்து வாங்கினேன். சிங்கிள் ஓனர், கீழே விழாதது, ஒருமுறைகூடப் பிரிக்கப்படாதது என்று சொல்லித்தான் விற்றார்கள். பிறகு அங்கீகாரம் பெற்ற சேவை மையத்தில் காட்டியபோது, அது முன்பே வெளியாட்களால் பிரித்துப் பூட்டப்பட்டது என்றும், உள்ளே இருக்கும் கண்ணாடித் தொகுதிகளில் ஒன்று அச்சிலிருந்து சாய்ந்திருக்கிறது என்றும் எழுதிக் கொடுத்தார்கள். இதே மாதிரி லென்ஸை வைத்து அருமையான படங்கள் எடுக்கும் நண்பர்கள் எனக்கு உண்டு. ஆகவே தயாரிப்பில் குறை இல்லை. பிரித்துப் பூட்டிய பொருளைப் பிரிக்காத பொருள் என்று விற்றதுதான் என் புகார்.

கடைக்குள் இந்தக் குறை தெரியாது. சில அடி தூரத்தில் இருக்கும் அட்டைப்பெட்டியின் எழுத்தை நடுவில் வைத்து எடுத்து, கேமராவின் சின்னத் திரையில் காட்டுவார்கள், கூர்மையாகவே இருக்கும். ஆனால் பறவைகளுக்காக வாங்கும் லென்ஸின் வேலை பெரும்பாலும் தொலைவில்தான் இருக்கிறது. ஃபுல் ஃபிரேம் (36 மி.மீ. அகல சென்சார் உள்ள) கேமராவில் 500 மி.மீ. வைத்து நூறு மீட்டர் தூரத்தைப் பார்த்தால், படத்தின் அகலத்துக்குள் ஏறத்தாழ 7 மீட்டர் பரப்பு அடங்குகிறது. ஏறக்குறைய ஒரு மீட்டர் உயரமுள்ள மஞ்சள்மூக்கு நாரை அதில் உயரவாக்கில் ஐந்தில் ஒரு பங்கைத்தான் நிரப்பும். மீதியை வெட்டி நீக்கிவிட்டுப் பறவையைப் பெரிதாக்கித்தான் பார்க்க வேண்டியிருக்கும் என்பதால், கடையில் கண்ணுக்குப் படாத சிறு சாய்வுகூட அங்கே இறகின் வரிகளையெல்லாம் கரைத்துவிடும்.

வேடந்தாங்கல் ஏரிக்கரையிலிருந்து எடுத்த படங்களில் இடது பாதி ஓரளவு தெளிவாகவும், வலது பாதி எப்போதும் குழைந்தும் இருந்தது. ஒரே கிளையில் வரிசையாக உட்கார்ந்திருந்த நத்தைக்குத்தி நாரைகளில் இடப்பக்கத்தவற்றுக்குக் கண் தெரிந்தது. வலப்பக்கத்தவற்றுக்கு அலகின் நடுவே இருக்கும் இடைவெளிகூடத் தெரியவில்லை. படங்களை அனுப்பிக் கேட்டதற்கு, கடைக்காரர் முதலில் வெயில் அலை என்றார். தரையும் கரையும் சூடாகும்போது வெவ்வேறு வெப்பமுள்ள காற்றடுக்குகள் ஒளியை வளைப்பதால் தொலைவிலுள்ளவை நெளிவது உண்மைதான். ஆனால் அந்த நெளிவு ஒரு படத்துக்கும் அடுத்த படத்துக்கும் மாறிக்கொண்டே இருக்கும். அது படத்தின் ஒரே பக்கத்தை மட்டும் பிடித்துக்கொண்டு நிற்காது. அடுத்து கை நடுக்கம் என்றார். முக்காலியில் வைத்து எடுத்த படங்களிலும் அதே வலது பாதி மங்கியிருந்தது. பிறகு கேமராவில் ஆட்டோஃபோகஸைச் சரிசெய்யச் சொன்னார். அந்தச் சரிசெய்தல் ஃபோகஸ் விழும் இடத்தை முன்னோ பின்னோ நகர்த்துமே தவிர, சாய்ந்துபோன கண்ணாடியை நிமிர்த்தாது. அதே கேமராவில் என் மற்ற லென்ஸ் ஓரம் வரை கூர்மையாக இருந்தது.

கடைசியாக அவர் சொன்னதுதான் எனக்குப் பணத்தைவிடப் பெரிய வருத்தம். "சார், நீங்க கொஞ்சம் கிட்டப் போய் எடுங்க, எல்லாம் சரியாகிடும்" என்றார். இத்தனை எடையும் விலையும் உள்ள லென்ஸை ஒருவர் சுமப்பதே கிட்டப் போகாமல் இருப்பதற்காகத்தான். கூட்டில் இருக்கும் தாய்ப்பறவை மிரண்டு பறந்தால், முட்டையும் இறகு முளைக்காத குஞ்சும் வெயிலிலும் காகத்தின் கண்ணிலும் கிடக்கும். வெள்ளைக்காரச் சிப்பாய்கள் சுட்ட பறவைகளைக் காப்பாற்ற, அன்றைய ஆட்சியர் லயனல் பிளேஸிடம் முறையிட்டு 1798-இல் ஊர்மக்கள் பாதுகாப்பு ஆணை வாங்கிய இடம் வேடந்தாங்கல். பறவைப் படக்காரர்களுக்கு லென்ஸ் விற்றுப் பிழைக்கும் ஒருவர், தான் விற்ற பழுதை மறைக்க அப்படியொரு யோசனை சொல்வதை என்னால் பொறுத்துக்கொள்ள முடியவில்லை.

நீங்கள் வாங்குவதாக இருந்தால், லென்ஸைக் கடைக்கு வெளியே எடுத்துச் சென்று பார்க்க ஒப்புக்கொள்ளும் இடத்தில் மட்டும் வாங்குங்கள். வெயில் ஏறும் முன், தொலைவில் உங்களுக்கு நேர்முகமாக இருக்கும் அடுக்குமாடிச் சுவரையோ பெயர்ப்பலகையையோ, முக்காலியில் வைத்து, அதிர்வுக் குறைப்பை அணைத்து, லைவ் வியூவில் (கேமராவின் பின்திரையில் காட்சியைப் பார்த்து) ஃபோகஸ் செய்து, 500 மி.மீ. நீளத்தில், முழுத்திறப்பான எஃப் 5.6-இல் எடுங்கள். பிறகு கேமராவைத் தலைகீழாகத் திருப்பி அதே காட்சியை மீண்டும் எடுங்கள். திருப்பிய பிறகும் படத்தின் அதே பக்கம் மங்கினால் குறை கருவியில் இருக்கிறது. காட்சியின் அதே பகுதி மங்கினால் காற்றோ தூர வேறுபாடோ காரணமாகலாம். படங்களைக் கணினியில் முழு அளவில் பார்க்காமல் பணம் கொடுக்க வேண்டாம். லென்ஸ் கேமராவோடு பொருந்தும் வளையமான மவுண்ட்டைச் சுற்றியுள்ள திருகுகளின் தலை தேய்ந்திருக்கிறதா என்று பாருங்கள். என் லென்ஸில் இரண்டு திருகுகள் தேய்ந்திருந்தன. பின்பக்கத்திலிருந்து டார்ச் அடித்தால் பூஞ்சை இழை இழையாகத் தெரியும். நம் கடற்கரை ஊர்களின் ஈரப்பதத்தில் அது சாதாரணம்.

சீரியல் எண் எழுதிய பில் இல்லாமல் எதையும் எடுத்து வராதீர்கள். என் பில்லில் சீரியல் எண் இருந்ததால்தான், "இது நாங்கள் விற்ற லென்ஸே இல்லை" என்று கடைக்காரர் பிறகு சொன்னபோது அது எடுபடவில்லை. பில்லின் அடியில் 'விற்ற பொருள் திரும்பப் பெறப்படாது' என்று அச்சிட்டிருப்பதைப் பார்த்துச் சோர்ந்துவிடவும் வேண்டாம். 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், குறையுள்ள பொருளைத் திரும்பப் பெற்றுப் பணம் தர மறுப்பதை நேர்மையற்ற வணிக நடைமுறைகளில் ஒன்றாகவே வைத்திருக்கிறது. அப்படித் திரும்பப் பெற்றுப் பணம் தருவதற்கு, பில்லில் கெடு எதுவும் இல்லையென்றால் 30 நாள் என்று கணக்கு. தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் மனு போட இரண்டு ஆண்டு வரை அவகாசம் உண்டு; 5 லட்சம் ரூபாய் வரையிலான பொருளுக்குக் கட்டணம் கிடையாது.

சேவை மையத்தின் அறிக்கையையும், கடைக்காரர் அனுப்பிய செய்திகளையும், மங்கிய படங்களையும் இணைத்து நான் மனு கொடுத்திருக்கிறேன். விசாரணை முடியும் வரை கடையின் பெயரை இங்கே எழுதப்போவதில்லை.