திராட்சையில் சாம்பல் நோயும் அடிச்சாம்பல் நோயும்

பெயரைக் கேட்டால் அண்ணன் தம்பி மாதிரி தெரியும். உறவே கிடையாது. சாம்பல் நோயைத் தருவது அசல் பூஞ்சை. செல் சுவரில் கைட்டின் (பூச்சிகளின் ஓட்டிலும் உள்ள கடினப் பொருள்) இருக்கும், வித்துகள் காற்றில் பரவும். இலை நனைய வேண்டும் என்ற அவசியமும் இல்லை. மாவு தூவியதுபோல இலையின் மேல்பக்கமே வெளுத்துக் கிடக்கும், விரலால் தேய்த்தால் ஒட்டிக்கொண்டு வரும்.

அடிச்சாம்பல் கிருமியையும் வெகுகாலம் பூஞ்சை என்றே வகைப்படுத்தியிருந்தார்கள். உண்மையில் அது பழுப்புப் பாசிகளுக்கு நெருங்கிய சொந்தம். செல் சுவரில், தாவரங்களில் போல, செல்லுலோஸ் இருக்கும். இலையில் தண்ணீர் நின்றால் வால் போன்ற இரண்டு கசையிழை கொண்ட வித்துகள் அதில் நீந்தி, இலைத்துளை வழியாக உள்ளே புகும். மேலே எண்ணெய் பட்டதுபோல மஞ்சள் திட்டு தெரியும். இலையைத் திருப்பிப் பாருங்கள், அதற்கு நேர் கீழே வெள்ளைப் படலம் இருக்கும்.

சரி, மருந்து? முதலாவதுக்குக் கந்தகம், ஆனால் கடும் வெயிலில் அடித்தால் இலை கருகும். இரண்டாவதுக்கு மயில்துத்தமும் சுண்ணாம்பும் சேர்ந்த போர்டோ கலவை. 1885-இல் பிரான்சில் தாவரவியலாளர் மில்லார்டே இந்த நோய்க்காகவே அறிவித்தது. கார்பெண்டசிம் என்ற பூஞ்சைக்கொல்லி அடிச்சாம்பல் கிருமியிடம் எடுபடாது. அதனால் மருந்து வாங்கும் முன் இலையைத் திருப்பிப் பார்த்துவிடுங்கள்.