கையடக்க ரெக்கார்டரில் ஊர் ஒலிகள்: நீண்ட நாள் பயன்பாட்டு அனுபவம்

குறும்படங்களுக்கும் ஒலி நாடகங்களுக்கும் எஃபெக்ட்ஸ், அதாவது மழை, கதவு, பறவை போன்ற ஒலிகள், சேர்க்கிற வேலை எனக்கு. ஊர் மதுரை. 2019இல் வாங்கிய கையடக்க ரெக்கார்டர்தான் இன்றுவரை என் பையில் கிடக்கிறது. உச்சியில் இரண்டு சிறு மைக்குகள் குறுக்காக நிற்கும். இரண்டு ஏஏஏ பேட்டரி, ஒரு மைக்ரோ எஸ்டி கார்டு, 24 பிட், 96 கிலோஹெர்ட்ஸ் வரை பதிவு (இரண்டும் ஒலி எவ்வளவு நுணுக்கமாகப் பதிகிறது என்பதன் அளவுகள்). இந்த விலையில் வருகிற ரெக்கார்டர்கள் எல்லாம் ஏறக்குறைய இப்படித்தான் என்பதால் மாடல் பெயரை விட்டுவிடுகிறேன். வாங்கலாமா என்று கேட்டால், தாராளமாக வாங்கலாம். ஆனால் எந்த நேரத்தில் பதிகிறோம், பதிந்ததை எப்படிப் பெயரிட்டு வைக்கிறோம் என்ற இரண்டும்தான் ஒலிச் சேகரிப்பை வாழவைக்கின்றன. கருவிக்கு அதற்கு அடுத்த இடம்தான்.

இணையத்தில் இலவசமாகவே கிடைக்கிறதே, நாமே ஏன் அலைய வேண்டும் என்று நண்பர்கள் கேட்பதுண்டு. கிடைக்கிறது, நானும் எடுத்துப் பயன்படுத்துகிறேன். பார்சிலோனாவின் பொம்பேயு ஃபாப்ரா பல்கலைக்கழகம் 2005இல் தொடங்கிய ஃப்ரீசவுண்ட் பெரிய களஞ்சியம். பிபிசி தன் ஒலிக் காப்பகத்திலிருந்து 16,000 ஒலிகளை 2018இல் திறந்துவிட்டது, பிறகு அது 33,000ஐத் தாண்டியது. சொந்த உபயோகத்துக்கும் படிப்புக்கும் ஆராய்ச்சிக்கும் இலவசம், வணிகப் படத்துக்கு என்றால் உரிமம் வாங்க வேண்டும்.

ஆனால் அங்கே 'கிராமத்துக் காலை' என்று தேடி எடுத்து உசிலம்பட்டிப் பக்கத்துக் கதைக்குப் போட்டுப் பாருங்கள். பின்னணியில் ஐரோப்பாவின் பறவைகள் பாடும். குயில் இருக்காது, செம்போத்து இருக்காது, தவிட்டுக்குருவிக் கூட்டத்தின் சலசலப்பு இருக்காது. காக்கை கிடைத்தாலும் அது வேறு இனத்துக் காக்கையாக இருக்கும், நம் வீட்டுக் காக்கை அப்படிக் கரையாது. மழையும் அப்படித்தான். நாட்டு ஓட்டில் விழுவது, தகரத்தில் விழுவது, தென்னங்கீற்றில் விழுவது மூன்றும் மூன்று ஒலிகள். பார்க்கிறவருக்கு எது தவறு என்று சொல்லத் தெரியாமல் இருக்கலாம், இது நம் ஊர் இல்லை என்பது காதுக்குத் தெரிந்துவிடும். பறவையொலிப் பதிவுகளில் இன்று நமக்குத் தெரிந்தவற்றுள் மிகப் பழையது 1889இல் லுட்விக் கோச் என்ற ஜெர்மானியச் சிறுவன் மெழுகு உருளையில் பதிந்தது. அந்தப் பறவை ஷாமா. நம் மேற்குத் தொடர்ச்சி மலைக் காடுகளிலும் பாடுகிற பறவை அது. தொடக்கமே அப்படியிருக்க, நம் பக்கத்து ஒலிகள் பொதுக் களஞ்சியங்களில் இவ்வளவு குறைவாக இருப்பது எனக்கு உண்மையாகவே வருத்தம்.

சரி, கருவிக்கு வருகிறேன். வழக்கமாக 24 பிட், 48 கிலோஹெர்ட்ஸில் பதிகிறேன், படவேலைக்கு அதுதான் அளவு. ஸ்டீரியோவில் மணிக்குச் சுமார் 1 ஜிபி ஆகும். பிற்பாடு வேகம் குறைத்து, கனமான ஒலியாக மாற்றும் எண்ணம் இருந்தால் மட்டும் 96. லெவலை, அதாவது பதிவின் சத்த அளவை, கையால் வைக்கிறேன், கருவி தாங்கும் உச்ச வரம்பைப் பூஜ்யமாகக் கொண்ட அளவுகாட்டியில் உச்சம் மைனஸ் 12 டெசிபல் பக்கம் நின்றால் போதும். லெவலைக் கருவியே மாற்றிக்கொள்ளும் ஆட்டோ லெவலை அணைத்துவிடுவது நல்லது. அது அமைதியான இடைவெளியில் பின்னணி இரைச்சலைத் தூக்கிவிடும், அடுத்த சத்தம் வந்ததும் அமுக்கும், வெட்டி ஒட்டும்போது அந்த ஏற்ற இறக்கம் காட்டிக்கொடுக்கும். ரீசார்ஜ் பேட்டரி போடுகிறவர்கள் மெனுவில் பேட்டரி வகையை மாற்றிவைக்க வேண்டும். அவை 1.2 வோல்ட் என்பதால், மாற்றாவிட்டால் அளவுகாட்டி தவறான கணக்கைக் காட்டும்.

இந்த வகைக் கருவியின் பெரிய பலவீனம் மெல்லிய ஒலிகள். கோலமாவு விரலிடுக்கில் இறங்குவது, பூக்கட்டும்போது நார் இழுபடுவது எல்லாம் மைக்கின் சொந்த ஹிஸ்ஸுக்கு, அதாவது அது தானே எழுப்பும் 'ஸ்ஸ்' இரைச்சலுக்கு, அடியில் போய்விடும். நெருங்கிப் போவது ஒன்றுதான் வழி. தூரம் பாதியானால் ஒலி சுமார் 6 டெசிபல் கூடும், ஹிஸ் அப்படியே இருக்கும். நான் ஒரு முழத் தூரத்தில் தொடங்கி ஒரு சாண் வரை நகர்ந்து போவேன். அப்போது கருவியைக் கையில் பிடிக்கக் கூடாது. பிளாஸ்டிக் உடம்பு விரல் அசைவைக்கூடப் பதிந்துவிடும் என்பதால், சின்ன ட்ரைபாடில் நிறுத்தி, அதன் அடியில் மடித்த துண்டு ஒன்றைப் போட்டுவிடுவேன்.

உரத்த ஒலிக்கு இன்னொரு எல்லை. இத்தகைய மைக்குகள் 120 டெசிபல் வாக்கில் திணறிவிடும். தீபாவளி வெடிக்கு நம் நாட்டு விதி, வெடிக்கும் இடத்திலிருந்து 4 மீட்டரில் 145 டெசிபல் உச்சம் வரை அனுமதிக்கிறது. தூரம் இரட்டிப்பானால் 6 டெசிபல் குறையும் என்று கணக்குப் போட்டால், திறந்தவெளியில் 70 மீட்டருக்கு மேல் தள்ளி நின்றால்தான் மைக் தாங்கும். அதனால் வெடியை மாடியிலிருந்து, தெருக்கோடிக்குக் குறிவைத்துப் பதிகிறேன். சுவர்களில் மோதித் திரும்பும் எதிரொலியோடு அது அழகாகவே வருகிறது.

சில வருடங்களில் தேய்ந்தது என்று பார்த்தால், யூஎஸ்பி துளை தளர்ந்துவிட்டது. கார்டைக் கழற்றி கார்டு ரீடரில் போட்டுக்கொள்கிறேன். ஐப்பசி, கார்த்திகை ஈரத்தில் மைக்கில் அவ்வப்போது பொரிகிற மாதிரி ஒரு சத்தம் வரும். சிலிக்கா ஜெல் பொட்டலங்களோடு டப்பாவில் மூடி வைத்தால் அடங்குகிறது.

நம் ஊரில் பதிவுக்கு உண்மையான எதிரி பின்னணிதான். மின்விசிறி, ஃப்ரிட்ஜ், பக்கத்து வீட்டு மோட்டார், எல்லாவற்றுக்கும் அடியில் மின்சாரத்தின் 50 ஹெர்ட்ஸ் முனகல். இதற்கு நான் கண்ட சிறந்த மருந்து, மாதாந்திரப் பராமரிப்புக்காக மின்வாரியம் மின்தடை அறிவிக்கும் நாள். நாளிதழில் எங்கள் பகுதியின் பெயரைப் பார்த்ததும் மற்ற வேலைகளைத் தள்ளி வைத்துவிடுவேன். தெருவே ஒரே நேரத்தில் அடங்கும். அன்றைக்குத்தான் அம்மி, உரல், அரிவாள்மனை, பித்தளைக் குடத்தில் நீர் நிறைவது, நாதாங்கி போடுவது எல்லாம். இன்வெர்ட்டர் இல்லாத உறவினர் வீடு அன்று என் ஸ்டூடியோ. எந்த அறையில் பதிந்தாலும், யாரும் அசையாமல் அந்த அறையின் வெறும் ஒலியை அரை நிமிடம் தனியாக எடுத்துவிடுவேன். எடிட்டில் இடைவெளியை நிரப்ப அதைவிட நல்லது கிடையாது.

மாதம் பார்த்துப் பதியவும் பழகிக்கொண்டேன். ஆடியில் காற்று, போதாக்குறைக்கு அம்மன் கோயில் ஒலிபெருக்கி, அதனால் வெளிப்பதிவே வேண்டாம். மார்கழியில் நான்கரைக்குள் கோயில் பாட்டு தொடங்கிவிடும், அதற்கு முந்தைய ஒரு மணி நேரம் பொன்னானது. பங்குனி, சித்திரையில் குயில். வெளியே போனால், காற்று மைக்கில் மோதும் இரைச்சலைத் தடுக்க ஸ்பாஞ்ச் உறை போதாது, ரோம உறை கட்டாயம்.

பரோட்டாக் கடையில் மாஸ்டர் கொத்துப் போடும் ஒலியைப் பலமுறை பதிந்திருக்கிறேன். நெருங்கினால் இரும்பின் கூர்மை மட்டும் வருகிறது, எதிர்ச் சாரிக்குப் போனால் பஸ் ஹாரன் விழுங்கிவிடுகிறது. கடைக்குள் கடைசி மேசையில், சுவரை ஒட்டி வைத்ததுதான் சரியாக அமைந்தது. தாளம், எண்ணெய் இரைச்சல், 'அண்ணே ரெண்டு வீச்சு' என்ற குரல், மூன்றும் அதனதன் இடத்தில் உட்கார்ந்தன. கடைக்காரரிடம் முன்கூட்டியே சொல்லிவிட்டுத்தான் பதிவேன். யாராவது சொந்த விஷயம் பேசியிருந்தால், அந்தப் பகுதியை வெட்டிவிட்டுத்தான் கோப்பைச் சேமிப்பேன்.

கூடுதலாக ஒன்று வாங்கலாம் என்றால் பீசோ தகடு, அதாவது ஒட்டிய பொருளின் அதிர்வை மின் சைகையாக்கும் சிறு வட்டத் தகடு. சென்னை ரிச்சி தெரு போன்ற இடங்களில் சில்லறைக் காசுக்குக் கிடைக்கும். அதைக் கிணற்றுக் கப்பியின் சட்டத்திலோ தறிமரத்திலோ ஒட்டினால், காற்று வழி வராத உள்ளதிர்வு வரும். நேரடியாக ரெக்கார்டரில் செருகினால் கீழ்ஸ்தாயி மெலிந்துவிடும், நடுவில் ஒரு சிறிய பிரீஆம்ப் (சைகையைப் பதிவுக்கு ஏற்றதாக்கும் முன்பெருக்கி) தேவை.

இனிப் பெயரிடுதல். ஒவ்வொரு பதிவின் தொடக்கத்திலும் என் குரலிலேயே சொல்லிவிடுகிறேன்: 'பித்தளைக் குடம், பாதி நீர், சிமெண்டுத் தரை, ஒரு சாண்.' அன்றிரவே கேட்டு, வெட்டி, விரிதாளில் ஏற்றிவிடுவேன். பொருள், செயல், பரப்பு, தூரம், இடம், மாதம் என்று பத்திகள். விரிதாள் தமிழில், கோப்பின் பெயர் மட்டும் ரோமன் எழுத்தில். இதற்குக் காரணம் உண்டு. 'கொ' என்பதன் கொம்பும் காலும், கணினி எழுத்துகளின் குறியீட்டு முறையான யூனிகோடில், ஒரே குறியாகவும் வரலாம், இரண்டாகப் பிரிந்தும் வரலாம். ஒரு கணினியிலிருந்து இன்னொன்றுக்கு மாறும்போது வடிவம் மாறிவிட்டால், 'கொத்து' என்று தேடினால் கண்ணெதிரே இருக்கும் கோப்பு கிடைக்காது. எல்லாவற்றுக்கும் இரண்டு ஹார்டு டிஸ்க்கில் நகல், ஒன்று வேறு வீட்டில்.

இந்தப் பாடெல்லாம் ஏன் என்றால், ஒலிகள் போய்க்கொண்டே இருக்கின்றன. 1914இல் திறந்த பழைய பாம்பன் பாலத்தில் ரயில் ஊர்ந்து போகும்போது கிளம்பும் இரும்பு முனகலைப் பெட்டியின் வாசலருகே உட்கார்ந்து பதிந்திருக்கிறேன். 2022 டிசம்பரில் அதில் ரயில் நின்றது, 2025 ஏப்ரலில் புதிய பாலம் வந்தது. தண்டவாள இணைப்புகளில் சக்கரம் ஏறி இறங்கும் 'தடக் தடக்', நீளமாகப் பற்றவைத்த தண்டவாளங்கள் வந்ததும் பெரும்பகுதி மறைந்துவிட்டது. தெருவில் கூவி விற்றவர்களின் குரலைக்கூட இப்போது லோடு ஆட்டோவில் கட்டிய ஸ்பீக்கர்தான் திரும்பத் திரும்பச் சொல்கிறது. அந்த ஸ்பீக்கர் ஒலியையும் பதிந்து வைத்திருக்கிறேன், அதுவும் ஒரு காலத்தின் ஒலிதானே.

இன்று புதிதாக வாங்குகிறவர்களுக்கு 32 பிட் ஃப்ளோட் ரெக்கார்டர்கள் இதே விலை மட்டத்தில் வந்துவிட்டன. லெவல் தவறினாலும் பின்னால் சரிசெய்துகொள்ளலாம், வெடி, இடி, கதவறைதல் போன்றவற்றுக்கு மிக வசதி. ஆனால் மைக்கின் தாங்குதிறன் அதே அளவுதான், ஹிஸ்ஸும் அதே ஹிஸ்தான். எனவே பட்ஜெட் இறுக்கமாக இருந்தால் பழைய 24 பிட் கருவியைச் செகண்ட் ஹேண்டில் வாங்கி, மிச்சப் பணத்தில் காதை முழுதாக மூடும் ஹெட்போனும் ரோம உறையும் வாங்கச் சொல்வேன். பதியும்போதே ஹெட்போனில் கேளுங்கள், பக்கத்து வீட்டு மிக்ஸி ஓடுவது அப்போதே தெரிந்துவிடும்.